மூன்று பக்க றேந்தை

பள்ளிமுனை, மன்னார்
06.10.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள றோஸ்மேரி அக்காவுக்கு,

நானும் இவரும் சுகம். மலையில் குளிர் தொடங்கியிருக்கும், உங்கள் நெஞ்சுச் சளி எப்படி என்று முதலில் எழுதுங்கள். மடத்தில் உங்களுக்கு வேறு பெயர் வைத்து எத்தனையோ வருடமாகியும் என் வாயில் அந்தப் பெயர் வருவதில்லை. வாசிக்கிற மதர் மன்னிக்கட்டும்.

சோளகக் காற்று ஓய்ந்து கடல் படுத்துக் கிடக்கிறது. மில்ரன் நாள் தவறாமல் தொழிலுக்குப் போகிறார். பிடிப்பதையெல்லாம் கரையிலேயே விற்றுவிட்டு வந்து, வீட்டில் மீன்கறி இல்லை என்று என்னோடு சண்டை பிடிக்கிறார். தபால் கந்தோரில் முத்திரை கேட்டால் அங்கிருக்கிற பிள்ளை, "கிறேஸ் அக்கா, இந்தக் காலத்தில ஆர் கடிதம் எழுதினம்? ஒரு போன் எடுத்தா முடிஞ்சுது" என்று சிரிக்கிறாள். "என்ர அக்கா அடைப்பு மடத்தில இருக்கிறா. போன் கதைக்கவும் ஏலாது, வாசல் தாண்டி வரவும் ஏலாது. கடிதத்தையும் மதர் வாசிச்சுப்போட்டுத்தான் குடுப்பா" என்றேன். மறியல் கம்பிக்குள் ஆள் வைத்திருப்பவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

கை நிறைய வேலை. எருக்கலம்பிட்டி சபூராவின் மகளுக்குக் கலியாணம். தலகாணி உறை, மேசைச் சீலை, தண்ணீர்ச் செம்பு மூடுகிற துணி வரைக்கும் ஓரத்துக்கு நூலில் றேந்தை பின்னி வைத்துத் தரவேண்டுமாம். கடையில் மீற்றர் கணக்கில் மெசின் றேந்தை தொங்குகிறதே என்று நானே சொன்னேன். "அது ரெண்டு தரம் தோய்ச்சா வெக்கப்பட்டுச் சுருண்டு போகும். உங்கட கைவேலை துணி கிழிஞ்ச பிறகும் கிடக்கும்" என்றார். அதற்குப் பிறகு நான் வாய் திறப்பேனா.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய, முகம் துடைக்கிற லேஞ்சி கிடைத்தது. கோபிக்க வேண்டாம், ஒரு குறை சொல்கிறேன். சுற்றிவர இருக்கிற றேந்தை தொடக்கத்தில் இறுக்கமாக, உங்கள் கை என்று சொல்லத்தக்கதாக இருக்கிறது. பாதிக்குமேல் கண்ணிகள் தளர்ந்து விரல் நுழைகிறது. கடைசி மூலை வேறு யாரோ பின்னியது மாதிரி. அம்மா இருந்திருந்தால் உருவிப்போட்டுத் திரும்பப் பின்ன வைத்திருப்பார். கை நோகிறதா? கண்ணாடி மாற்ற வேண்டுமா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

உங்கள் செபத்தில் ஒரு ஓரமாக இடம் கேட்கும்,
தங்கச்சி கிறேஸ்

*

மடம்
28.10.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புத் தங்கச்சி கிறேஸ்,

உன் கடிதத்தை மத்தியான ஓய்வில் வாசித்து, மீன்கறி இல்லாத மீன்காரன் வீட்டை நினைத்துச் சிரித்தேன். ஏன் சிரிப்பு என்று கேட்ட சகோதரிகளுக்கும் சொன்னேன். இங்கே எல்லோரும் சுகம். மூடுபனி யன்னலுக்குள்ளேயே வந்து நிற்கிறது. என் சளி போய்விட்டது.

லேஞ்சியில் குறை பிடித்தாய். உனக்கு அம்மாவின் கண். மடத்தில் விற்கிற தலகாணி உறைக்கும் துவாய்க்கும் இத்தனை வருடம் றேந்தை பின்னிய கை, இப்போது வலது பக்கம் கொஞ்சம் களைப்பு. உயர்த்தினால் இழுக்கிறது. ஐம்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான். தையல் அறையை விட்டு மெழுகுதிரி செய்கிற அறைக்கு மாற்றம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உன்னிடம் ஒரு வேலை. எனக்கு ஒரு சின்னத் தலகாணி உறை வேண்டும். நல்ல வெள்ளை லினன் துணியில் தைத்து, அம்மாவின் சிப்பி வரிசையைப் பின்னி மூன்று பக்கத்துக்கு வை. நூலும் வெள்ளையாகவே இருக்கட்டும். பாலன் பிறக்கிற நத்தாருக்கு முன் கிடைத்தால் நல்லது. திருவருகைக் காலம் தொடங்கினால் நத்தார் வரை எங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மில்ரனுக்கு வாரத்தில் ஒரு நாளாவது மீன் சமைத்துக் கொடு.

தினமும் உன் பெயரைச் சொல்லி முழங்காலிடும்,
அக்கா

*

பள்ளிமுனை
10.11.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா,

இவரும் நானும் சுகம். சுகம் என்று எழுதுகிறேன், ஆனால் ஒரு கிழமையாக உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போய் அம்மாவின் கல்லறையைக் கழுவி, மெழுகுதிரி வைத்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் கடிதம் கதவடியில் கிடக்கிறது. வாசித்த கையோடு இன்னொரு தரம் வாசித்தேன். மில்ரனிடம் கொடுத்து, "இதில என்ன எண்டு எழுதியிருக்கு, வாசியுங்கோ" என்றேன். "மூண்டு பக்கம் எண்டு கிடக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா நாலு எண்டு எழுத நினைச்சு மூண்டு எண்டு எழுதியிருப்பா. நீ ஏன் இதைப் பெரிசா எடுக்குறாய்?" என்றார்.

நானும் அப்படித்தான் நினைக்கிறேன், அக்கா. கை தவறியிருக்கும். சின்னத் தலகாணி, வெள்ளைத் துணி, வெள்ளை நூல், மூன்று பக்கம் என்றால் எங்கள் தெருவில் அது யாருக்கு என்றுதான் கேட்பார்கள், எதற்கு என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் பள்ளிமுனையை மறந்திருக்கலாம். நாலு என்று ஒரு வரி எழுதினால் போதும், அன்றைக்கே பின்னத் தொடங்குவேன்.

பதிலைப் பார்த்திருக்கும்,
கிறேஸ்

*

மடம்
22.11.2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள கிறேஸ்,

சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நானும் சுகம்.

மூன்றுதான். பள்ளிமுனையை நான் மறக்கவில்லை. கேள்வி கேட்காமல் பின்னு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் ஒரு வேலை சொன்னால் ஒன்பது கேள்வி கேட்பாய்.

டிசம்பர் முதல் ஞாயிறு திருவருகைக் காலம் பிறக்கிறது. இனி நத்தாருக்குப் பிறகுதான் எழுதுவேன்.

செபத்துடன்,
அக்கா

*

பள்ளிமுனை
01.12.2024

அக்கா,

இந்தக் கடிதம் நத்தார் வரை மதரின் மேசை லாச்சிக்குள் கிடக்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டே எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பிரேதப் பெட்டிக்குள் வைக்கிற தலகாணிக்குத்தான் மூன்று பக்கம். தோள் படுகிற பக்கத்தை வெறுமையாக விடுவோம். அதையும் அடைத்தால் ஆத்துமம் வெளிக்கிட வழியிருக்காது என்று அம்மா சொல்லித்தான் நாம் இரண்டு பேரும் பழகினோம். உயிரோடு இருக்கிறவர் தலை வைக்கிற எதற்கும் நாலு பக்கமும் றேந்தை. சபூராவின் உறையைப் பின்னும்போது மூன்று பக்கத்தோடு நூல் முடிந்தால்கூட, நாலாம் பக்கத்தில் பழைய நூலில் ஒரு சங்கிலியாவது ஓட்டிவிட்டுத்தான் நான் எழும்புவேன். அப்படிப்பட்ட என்னிடம் உங்களுக்கு மூன்று பக்கம் பின்னச் சொல்கிறீர்கள்.

அம்மா வயிற்றுக் கட்டிக்காகப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனபோது தன் காலால் நடந்து பஸ் ஏறினார். வெட்டி எடுத்தால் சரி என்றார்கள். பெட்டியில் வந்தார். அந்தப் பெட்டிக்கு நீங்கள்தான் மூன்று பக்கம் பின்னினீர்கள். நான் பக்கத்திலிருந்து நூல் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் மூன்று பக்கம் பின்னியதில்லை.

மடத்தில் அவசரத்துக்கு வைத்திருக்கிற போன் நம்பரைப் பங்குச் சுவாமியிடம் வாங்கி எடுத்துப் பார்த்தேன். எடுத்த சகோதரிக்குத் தமிழ் ஓடவில்லை. எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் அக்கா சுகமா என்று கேட்டேன். "ஒக்கொம ஹொந்தய்" என்று சொல்லி வைத்துவிட்டார். எல்லோரும் நலமாம். எல்லோரையும் பற்றி நான் கேட்கவில்லை.

உங்கள் உடம்புக்கு என்ன வருத்தம்? வலது கை ஏன் உயரவில்லை? மதருக்குத் தெரியுமா, டொக்டரிடம் காட்டினார்களா? பகல் முழுக்க இதே கேள்விகள்தான். ஊசியை எடுத்தாலும் திரும்ப வைத்துவிடுகிறேன், சபூராவின் வேலை அப்படியே கிடக்கிறது. பின்ன மாட்டேன், அக்கா. நான் பின்னாவிட்டால் உங்களால் போக முடியாது என்று ஒரு முட்டாள் எண்ணம் எனக்கு. முட்டாள் எண்ணமாகவே இருக்கட்டும்.

கிறேஸ்

*

மடம்
27.12.2024

பாலன் இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள கிறேஸ்,

உனக்கும் மில்ரனுக்கும் நத்தார் வாழ்த்துகள். பலகாரம் சுட்டிருப்பாய். இங்கே எல்லோரும் சுகம், நானும் சுகம்.

உன் கடிதம் கிடைத்தது. நத்தார் அன்று மட்டும் மதர் எங்கள் கடிதங்களைத் திறக்காமலே கையில் தருவார். அது அவர் எங்களுக்குத் தருகிற பரிசு. மற்ற நாட்களில் அப்படியில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

நான் கேட்ட வேலை அப்படியே நிற்கிறது. படுக்கையை நேரத்தோடு விரித்து வைப்பது ஒழுங்கானவர்களின் பழக்கம். அதில் பயப்பட எதுவும் இல்லை. மதர்கூட, "தங்கச்சியின் தலகாணி இன்னும் வரவில்லையா?" என்று கேட்டார்.

நம் கோயில் லூசியம்மாள் திருவிழா எப்படி நடந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

செபத்துடன்,
அக்கா

*

பள்ளிமுனை
19.01.2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அக்கா,

இவரும் நானும் சுகம். வாடைக்காற்றில் கடல் கொந்தளிப்பு, வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடக்கின்றன. இவர் வீட்டிலிருந்து என் உயிரை எடுக்கிறார். திருவிழா நல்லாக நடந்தது. கூட்டத்தில் நான் பின்னுக்கு நின்றேன், அதிகம் எழுத எதுவுமில்லை.

மதர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சரி.

உங்கள் வேலையைச் செய்யாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். சொன்னபடி மூன்று பக்கம் பின்னித் தோய்த்துக் கொடியில் போட்டேன். இந்த ஊர்க் கழுதைகளைத்தான் தெரியுமே. சங்கக்கடைச் சந்தியில் நின்ற ஒன்று படலையைத் தள்ளிக்கொண்டு வந்து, கொடியில் கிடந்த சாரம், பாவாடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த உறையைக் கடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு இரண்டாவது ஒன்று பின்னத் தொடங்கினேன். கை பழக்கத்தில் நாலாம் பக்கத்துக்கும் போய்விட்டது. உருவ மனம் வரவில்லை. அதையே இத்துடன் அனுப்புகிறேன். சிப்பி வரிசை, வெள்ளை நூல், எல்லாம் நீங்கள் கேட்டபடி. நாலு பக்கம் என்பது மட்டும்தான் வித்தியாசம். இதில் தலை வைத்துப் படுங்கள், நல்லாக நித்திரை வரும்.

வலது கை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.

தங்கச்சி கிறேஸ்

*

மடம்
08.02.2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள கிறேஸ்,

உன் பொதி கிடைத்தது. கொடி நிறையத் துணி கிடக்க, மூன்று பக்க றேந்தையை மட்டும் தேடித் தின்கிற கழுதையைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன். பொய் சொன்னதற்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்.

வேலை சுத்தம். ஒரு கண்ணி தளரவில்லை. கெட்டிக்காரி.

நாலாம் பக்கத்தை நானே எடுத்துவிட்டேன். உருவுவதற்குக் கை ஒத்துழைக்கவில்லை, ஆகவே கத்தரிக்கோலால் வெட்டினேன். வெட்டிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். வீணாக்காதே, ஒரு சின்ன லேஞ்சிக்காவது ஆகும். இனி எனக்கு எதுவும் பின்னவேண்டாம், இது போதும்.

வருகிற மாதம் தவக்காலம். அதற்குள் கடிதம் எழுதக் கிடைக்குமோ தெரியாது. மில்ரனைக் கவனமாகப் பார்த்துக்கொள். உன்னையும் பார்த்துக்கொள்.

அக்கா

*

பள்ளிமுனை
16.02.2025

மதிப்புக்குரிய மதர் அவர்களுக்கு,

தங்கள் நலத்துக்காக இறைவனை வேண்டுகிறேன். நான் உங்கள் மடத்தில் இருக்கிற றோஸ்மேரியின் தங்கச்சி. உங்களுக்குக் கடிதம் எழுதும் தகுதி எனக்கில்லை. கோபத்தில் எழுதுகிறேன், பயத்தில் எழுதுகிறேன், எது முந்தி எது பிந்தி என்று எனக்கே தெரியவில்லை.

அக்காவின் பெட்டிக்கு வைக்கிற தலகாணி இன்னும் வரவில்லையா என்று நீங்கள் கேட்டதாக அக்கா எழுதியிருந்தார். மதர், உயிரோடு நடமாடுகிற ஒரு மனுசிக்கு அப்படி அவசரமாக ஒரு தலகாணி எதற்கு? எங்கள் ஊரில் மூன்று பக்கம் றேந்தை வைத்த உறை பிரேதத்துக்கு மட்டும்தான். அதை அக்கா என்னிடம் மூன்று தரம் கேட்டுவிட்டார். நான் நாலு பக்கம் பின்னி அனுப்பினேன். ஒரு பக்கத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தத் துண்டு இப்போது என் மடியில் கிடக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் றேந்தையை வெட்டியதில்லை. பிழைத்தால் உருவுவோம், திரும்பப் பின்னுவோம். வெட்டுகிறவர், இனித் திரும்பப் பின்ன நேரமில்லை என்று நினைக்கிறவர்.

அவருக்கு வலது கை உயரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். என்ன வருத்தம் என்றும் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டு நீங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? சன்னியாசம் வாங்கினால் டொக்டரிடம் காட்டக் கூடாதா? என் அக்காவைக் கடவுளுக்குக் கொடுத்தோம். சாகக் கொடுக்கவில்லை.

மரியாதை தவறியிருந்தால் மன்னியுங்கள். பதில் மட்டும் எழுதுங்கள்.

கிறேஸ்

*

மடம்
27.02.2025

அன்புள்ள கிறேஸ்,

ஆண்டவரின் சமாதானம் உங்களுக்கு. என் ஊர் நீர்கொழும்பு. தமிழ் பெரியவளான பிறகு படித்தேன். எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எதுவும் தெரியாது. இதை முதலில் சொல்ல வேண்டும். இந்த மடத்தில் வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் வாசிக்கிறவள் நான். உங்கள் அக்கா சின்னத் தலகாணி உறை கேட்டதை வாசித்தேன். நத்தாருக்கு முன் வேண்டும் என்று இருந்தது. குடிலில் பாலனுக்கு வைக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு பக்கம் வைக்கோலில் மறையும், அதனால் மூன்று பக்கம் என்று நானே காரணமும் கண்டுபிடித்தேன். பாலன் இந்த முறை தலகாணி இல்லாமல் படுத்திருந்ததால்தான் அப்படிக் கேட்டேன். உங்கள் அக்கா எனக்கு முன்னாலேயே, என் கண்ணுக்குக் கீழேயே, தன் சாவுக்கு ஆயத்தம் செய்திருக்கிறார். நான் எழுத்தை மட்டும் பார்த்து, பொருளைப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை அவர் முன் வைத்தேன். வாசித்துவிட்டு எழுந்து நின்றார். "வலது மார்பில் கட்டி இருக்கிறது, மதர். போன வருடத்திலிருந்து" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். சோதனைகள் எல்லாம் செய்தார்கள். வெட்டி எடுக்க வேண்டும், எடுத்தால் நம்பிக்கை உண்டு, விட்டால் இல்லை என்று டொக்டர் சொன்னார்.

அவர் சம்மதிக்கவில்லை, ஓம் என்று சொல்லவில்லை. இறைவன் சித்தம் என்கிறார். இறைவன் சித்தம் என்று சொல்லி அமைதியாகப் போன சகோதரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியும். உங்கள் அக்காவின் முகம் அப்படி இல்லை. கீழ்ப்படிதலின் பெயரில் நான் கட்டளையிடலாம். ஆனால் கட்டளைக்காகக் கத்திக்குக் கீழே ஒருவரைப் படுக்க வைக்க எனக்கு மனம் இல்லை.

தவக்காலம் என்றாலும் உங்கள் கடிதத்தை அவர் கையில் கொடுப்பேன். திறக்காமல் கொடுப்பேன். எழுதுங்கள்.

உங்களோடு சேர்ந்து பயப்படும்,
மதர் இமாக்குலேற்

*

பள்ளிமுனை
04.03.2025

அன்புள்ள அக்கா,

உங்களைக் காட்டிக்கொடுத்தேன். கோபமாக இருப்பீர்கள். இருங்கள். கோபப்பட ஆள் இருந்தால் போதும் எனக்கு.

மதரின் கடிதத்தை மில்ரன்தான் எனக்கு வாசித்துக் காட்டினார், என் கண்ணில் எழுத்து நிற்கவில்லை. மார்பில் என்ற இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். "அக்கா ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். சொன்னால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் அம்மா. நீங்கள் அதை இறைவன் சித்தம் என்கிறீர்கள், நான் அதற்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை, அவ்வளவுதான். போன வருடம் இவருக்குக் காலில் திருக்கை முள் ஏறி இரத்தம் ஓடியபோதுகூட நான் ஆஸ்பத்திரி வாசலோடு நின்றுவிட்டேன். வேப்பமரத்துக்குக் கீழே நின்று மாதா பிரார்த்தனை சொன்னேன். இவர் தனியாக நொண்டி நொண்டி உள்ளே போனார். சண்டை வந்தால் இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் குத்துவார்.

அப்படிப்பட்டவள் உங்களைப் போகச் சொல்கிறேன். நீங்கள் ஓம் என்று சொல்லி, அம்மாவைப் போல வந்தால், அனுப்பினவள் நான். ஓம் சொல்லாமல் அந்தத் தலகாணியில் படுத்தாலும், பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இரண்டு பக்கமும் பயமாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கத்தில் டொக்டர் நம்பிக்கை உண்டு என்கிறார், மற்றப் பக்கத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் கேட்கிறேன். ஓம் என்று சொல்லுங்கள், அக்கா.

பயப்படாதேங்கோ. வேறு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கிறேஸ்

*

மடம்
23.04.2025

அன்புள்ள கிறேஸ்,

உயிர்த்த ஆண்டவரின் வாழ்த்து உனக்கும் மில்ரனுக்கும். நான் சுகம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அந்தக் கோடுதான் மேலே நீ பார்ப்பது.

தவக்காலத்திலும் எழுத மதர் உத்தரவு தந்தார். நான்தான் எழுதவில்லை. உன்மேல் கோபம் என்று முதல் இரண்டு கிழமையும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்த்தால் அது கோபமில்லை.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நான் வாசிக்க வேண்டிய முறை. "உமது சித்தப்படியே ஆகட்டும்" என்ற இடத்தில் குரல் வரவில்லை. சகோதரிகள் உருக்கத்தில் நிற்கிறேன் என்று நினைத்தார்கள். மதர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை காலம் சாகிறவர்களுக்காகச் செபம் சொன்ன வாய். எனக்கென்று வரும்போது ஒரு சொல்லும் இல்லை. கண்ணை மூடினால் அம்மா பஸ் மிதிபலகையில் நின்று, "கோழிக்குத் தண்ணி வையுங்கோ பிள்ளையள், நாளையிண்டைக்கு வந்திடுவன்" என்று சொல்வதுதான் தெரிகிறது. அன்றைக்கு நின்ற எல்லோரும் அம்மாவிடம் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். பயப்படாதேங்கோ. நீயும் அதையே எனக்கு எழுதியிருக்கிறாய். மதரும் சொல்கிறார், டொக்டரும் சொல்கிறார், தாதிப் பிள்ளையும் சொல்கிறாள். இனி எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லாதே.

அன்று பின்னேரம் மதரிடம் போய் ஓம் என்று சொல்லிவிட்டேன். மே மாதம் ஐந்தாம் திகதி வெட்டி எடுக்கிறார்கள். முதல் நாளே வார்ட்டில் படுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, எந்த பஸ் என்பதெல்லாம் மதர் தனித்தாளில் எழுதி உள்ளே வைப்பார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து உன்னிடம் ஒரு தரமும் வா என்று கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. இப்போது கேட்கிறேன். மதர் வாசிக்கட்டும்.

எனக்குப் பயமாக் கிடக்கு, கிறேஸ். சரியான பயமாக் கிடக்கு. நீயும் பயந்துகொண்டே வா. மரத்துக்குக் கீழ நிக்காத. உள்ளுக்கு வந்து, என்ர கட்டிலுக்குப் பக்கத்தில நில்.

அக்கா